ஒரு கை குழந்தைக்கு, ஒரு கை மிச்சம்: குழந்தையோடு பயணம் போகச் சாமான் தேர்ந்தெடுப்பது எப்படி

என் மகளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது அவளைத் தூக்கிக்கொண்டு முதல் முறையாகத் தனியாக விமானம் ஏறினேன். விமானத்தின் வாசலில் ஸ்ட்ரோலரை, அதாவது குழந்தைத் தள்ளுவண்டியை, மடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். கடையில் அதை மடித்துக் காட்டியபோது இரண்டே நொடிதான் ஆனது. இங்கே இடது தோளில் தூங்கும் குழந்தை, வலது தோளில் பை, வண்டியோ கைப்பிடியின் இரண்டு பக்கமும் உள்ள பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மடங்குவேன் என்கிறது. பின்னால் நீண்ட வரிசை. கடைசியில் முன்பின் தெரியாத ஒரு பெண் குழந்தையை வாங்கிக்கொண்டார், அவள் விழித்துக்கொண்டு வீறிட்டாள், நான் வண்டியோடு மல்லுக்கட்டினேன். கடைக்காரர் மடித்துக் காட்டியபோது அவர் கையில் குழந்தை இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்கப்புறம் பயணத்துக்கு என்று எதை வாங்கினாலும் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒரு கையில் குழந்தை இருக்கும்போது மிச்சமுள்ள கையால் இதைச் சமாளிக்க முடியுமா? பெட்டியில் அச்சிட்டிருக்கும் எடையெல்லாம் இதற்கு அப்புறம்தான். ஐந்து கிலோ வண்டி இரண்டு கை கேட்டால் அது கனமான வண்டி, ஏழு கிலோ வண்டி ஒரு கையால் மடங்கித் தோளில் தொங்கினால் அது லேசான வண்டி.

படி 1: கடைக்குப் போகும் முன் பயணத்தை எழுதுங்கள்

வீட்டு வாசலில் இருந்து போய்ச் சேரும் இடத்தில் குழந்தை தூங்கும் வரை, எங்கெல்லாம் வண்டி மாறுகிறீர்கள், எங்கெல்லாம் படி ஏறுகிறீர்கள், எங்கெல்லாம் காத்திருக்கிறீர்கள் என்று ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதுங்கள். வீடு, டாக்ஸி, நிலையம், பாதுகாப்புச் சோதனை, கேட், இருக்கை, மறுபடி டாக்ஸி, மாடிப்படி, அறை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எத்தனை பெரியவர்கள், எத்தனை கைகள், குழந்தை எங்கே, பெட்டி எங்கே என்று குறியுங்கள். கைகள் போதாத இடங்கள் இரண்டோ மூன்றோதான் வரும். உங்களுக்குச் சாமான் தேவைப்படுவது அந்த இடங்களில்தான், மற்றதெல்லாம் விளம்பரம் பார்த்து வரும் ஆசை.

நான் இதைச் செய்து பார்த்தபோது, வாங்க நினைத்திருந்த பதினொரு பொருட்களில் ஐந்து காணாமல் போயின. பாட்டில் சூடாக்கும் கருவி, மடக்குக் குளியல் தொட்டி, ஸ்ட்ரோலருக்கான கப் ஹோல்டர், இப்படி. ஒரு வார இடைவெளியில் அவற்றின் பெயர்கூட மறந்துவிட்டது.

படி 2: வயதைப் பாருங்கள், அதுவும் பயண நாளன்று இருக்கும் வயதை

மூன்று மாதம் கழித்துப் போகும் பயணத்துக்கு இன்றைய குழந்தையை அளந்து வாங்குவது எல்லாரும் செய்யும் தவறு. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு முதுகு நிற்காது, முதல் சில மாதங்களில் தலையும் நிற்காது, அதனால் கிட்டத்தட்டத் தட்டையாகச் சாயும் வண்டி வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல், உதவியில்லாமல் உட்காரத் தொடங்கியதும், தேர்வு நிறைய விரியும். ஒரு வயதுக்கு மேல் பிரச்சினையே வேறு. நடக்க விடு என்று அழும், பத்தடி நடந்ததும் தூக்கு என்று அழும். அந்த வயதில் சட்டென்று ஏற்றி இறக்க முடிகிற பொருள்தான் ஜெயிக்கும்.

படி 3: கேரியரா, ஸ்ட்ரோலரா?

ஒன்றுதான் முடியும் என்றால், ஒரு வயதுக்குள் கேரியர் (குழந்தையை உங்கள் உடம்போடு கட்டிக்கொள்ளும் துணிப் பை), அதற்கு மேல் ஸ்ட்ரோலர். இது என் தீர்ப்பு, முதுகுவலி இருப்பவர்கள் மாற்றிக்கொள்ளலாம்.

கேரியரின் பெருமை, அது உங்கள் இரண்டு கைகளையும் திருப்பித் தருகிறது என்பது. படி, கூட்டம், கரடுமுரடான தரை எதுவும் அதற்குப் பொருட்டில்லை, சுருட்டினால் ஒரு துண்டு அளவுதான். தேர்ந்தெடுக்கும்போது குழந்தையை உட்கார வைத்துப் பாருங்கள். முட்டிகள் பிட்டத்தைவிடச் சற்று உயரமாக, தொடைகள் முழுக்கத் தாங்கப்பட்டு, தவளை உட்கார்ந்த மாதிரி இருக்க வேண்டும். இடுப்பு மூட்டுக்கு நல்லது அதுதான். கால்கள் கம்பு போல் நேராகத் தொங்கினால் இருக்கைப் பகுதி குறுகல் என்று அர்த்தம், வேறு பாருங்கள். தாடை நெஞ்சில் முட்டக்கூடாது, நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூக்கும் வாயும் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், குனிந்தால் உச்சந்தலையில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குத் தாடை நெஞ்சில் மடிந்தாலே மூச்சுக் குழாய் சுருங்கிவிடும், அதனால்தான் இவ்வளவு பிடிவாதம்.

அப்புறம் அந்த முதுகுப் பக்கிள். பல கேரியர்களில் இரண்டு தோள்பட்டைகளையும் இணைக்கும் ஒரு சின்னக் கொக்கி உங்கள் பிடரிக்குக் கீழே இருக்கும். கண்ணாடி முன்னால் நின்று, துணைக்கு ஆள் இல்லாமல், அதைப் போட்டுக் கழற்றிப் பாருங்கள். எட்டவில்லை என்றால் பட்டைகள் முதுகில் குறுக்காகப் போகும் மாதிரியை எடுங்கள். பாதுகாப்புச் சோதனையில் குழந்தையை வெளியே எடுக்கச் சொல்லலாம், விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பல நிறுவனங்கள் கேரியரிலிருந்து எடுக்கச் சொல்கின்றன. ஆக ஒரு நாளில் நான்கைந்து முறை அந்தக் கொக்கியோடு உங்களுக்கு வேலை இருக்கிறது.

ஸ்ட்ரோலர் விஷயத்தில் 'கேபின் சைஸ்' என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். கைப்பெட்டிக்குச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் வழிகாட்டியாகச் சொல்லும் அளவு 56 × 45 × 25 செ.மீ., ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதன் சொந்த விதி உண்டு, சிலது இதைவிடச் சிறிது. அளவுக்குள் அடங்கினாலும் மேல் பெட்டகத்தில் இடம் இல்லையென்றால் வாங்கி விமானத்தின் சரக்கு அறைக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் மடித்த அளவை உங்கள் விமான நிறுவனத்தின் பக்கத்தில் உள்ள அளவோடு, சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து, டேப் வைத்து நீங்களே ஒப்பிடுங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை: ஐந்தாறு கிலோ எடையுள்ள ஒரு பையை இடது கையில் அணைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் வண்டியை மடியுங்கள், தூக்குங்கள், திரும்ப விரியுங்கள். வெட்கப்படாதீர்கள். மடித்ததும் தானாக நிற்கிறதா, தரையில் சாய்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் சாய்ந்தால் குனிய வேண்டும், குழந்தையோடு குனிவது எப்படியென்று உங்களுக்கே தெரியும். பிறகு கைப்பிடியில் அந்தப் பையைத் தொங்கவிட்டு, இருக்கை காலியாக இருக்கும்போது வண்டி பின்னால் சாய்ந்து விழுகிறதா என்று பாருங்கள். லேசான வண்டிகள் பெரும்பாலும் விழும். குழந்தையைத் தூக்கிய கணம் பையோடு, பாலோடு, போனோடு விழும். இதற்கு மருந்து பையைக் கீழ்க்கூடையில் வைப்பதுதான், ஆகவே கூடைக்குள் உங்கள் பை போகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

பிறந்த குழந்தைக்கு என்றால் சாய்மானத்தை முழுக்க இறக்கிப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள், இருக்கைக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவில் 150 பாகையாவது இருக்க வேண்டும். ஐந்து முனைப் பட்டை இருக்கட்டும், தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால் நடுவில் ஒன்று. சின்னச் சக்கரம் வழவழப்பான தரையில் வெண்ணெய் மாதிரி ஓடும், கல் பாவிய தெருவில் ஒவ்வொரு இடுக்கிலும் மாட்டும். போகிற இடம் அப்படிப்பட்டது என்றால் வண்டியை விட்டுவிட்டுக் கேரியரோடு போய்விடுங்கள். இன்னொன்று, வெயிலுக்காக வண்டியின் மேல் துணியைப் போர்த்தாதீர்கள். மெல்லிய துணிகூடக் காற்றை அடைத்து உள்ளே சூட்டை ஏற்றிவிடும். குடை போன்ற பெரிய கூரை உள்ள வண்டியை எடுங்கள்.

படி 4: கார் சீட், இங்கே மட்டும் சிக்கனம் வேண்டாம்

மற்றதை வாடகைக்கு எடுக்கலாம், இரவல் வாங்கலாம். கார் சீட்டை, அதாவது காரில் குழந்தையைக் கட்டி உட்கார வைக்கும் தனி இருக்கையை, மட்டும் நான் யாரிடமும் இரவல் வாங்குவதில்லை. விபத்தில் மாட்டிய சீட் வெளியே பார்க்கப் புதிது போல் இருக்கும், உள்ளே பிளாஸ்டிக் விரிசல் விட்டிருக்கலாம். பல சீட்களுக்குக் காலாவதித் தேதியும் உண்டு, சீட்டின் அடியிலோ பின்புறத்திலோ அச்சிட்டிருப்பார்கள். வாடகை சீட் தவிர வழியில்லை என்றால், அந்தத் தேதியையும், பட்டைகள் நைந்திருக்கிறதா என்பதையும், கையேடு கூட வருகிறதா என்பதையும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சீட்டில் உள்ள அங்கீகார முத்திரையைப் படிக்கக் கற்றுக்கொள்வது அரை மணி நேர வேலை. ஐ.நா.வின் ஆர் 129 விதி 2013-இல் நடைமுறைக்கு வந்தது, ஐ-சைஸ் என்று சொல்வது இதன் கீழ்தான். பழைய ஆர் 44 விதி குழந்தையின் எடையைப் பார்க்கும், ஆர் 129 உயரத்தைப் பார்க்கிறது, பக்கவாட்டு மோதல் சோதனையும் உண்டு, 15 மாதம் தாண்டும் வரை குழந்தை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் விதி வேறு, அங்கே எஃப்எம்விஎஸ்எஸ் 213. ஒன்றில் தேறிய சீட் மற்ற இடத்தில் சட்டப்படி செல்லாது என்பதால், நாடு தாண்டிப் போகிறவர்கள் போய்ச் சேரும் நாட்டின் விதியை முதலில் பாருங்கள்.

பின்னோக்கி ஏன்? குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் பெரிது, கழுத்தோ இளசு. முன்னால் மோதும்போது முன்னோக்கி உட்கார்ந்த குழந்தையின் தலையைக் கழுத்து மட்டும்தான் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். பின்னோக்கி உட்கார்ந்தால் அந்த விசையைச் சீட்டின் முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும். சீட்டின் எல்லை அனுமதிக்கும் வரை பின்னோக்கியே வைத்திருங்கள், கால் மடங்கியிருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். வேலை செய்யும் ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் பின்னோக்கிய சீட்டை எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக்கூடாது.

பயணத்துக்கு முக்கியமான கேள்வி, ஐசோஃபிக்ஸ் (குழந்தை சீட்டை நேரடியாக மாட்டக் கார் இருக்கையில் இருக்கும் உலோக வளையங்கள்) இல்லாத காரில் இதை மாட்ட முடியுமா என்பது. டாக்ஸியில் எது வரும் என்று தெரியாது, விமானத்தில் ஐசோஃபிக்ஸ் கிடையவே கிடையாது. சாதாரண சீட் பெல்ட்டால், தனி அடித்தளம் இல்லாமல் மாட்டக்கூடியதை எடுங்கள். மாட்டிய பிறகு, பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், இரண்டரை செ.மீ.க்கு மேல் அசையக்கூடாது. குழந்தையைக் கட்டிய பிறகு தோள் எலும்பருகே பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி மடிந்து விரலில் சிக்கினால் தளர்வு, இன்னும் இழுங்கள். தடிமனான ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கட்டுங்கள், அதன் பஞ்சு அமுங்கினால் பட்டை அவ்வளவும் தளர்வுதான்.

விமானத்துக்குள் பயன்படுத்த நினைத்தால், அதற்கு அனுமதி உண்டு என்று சீட்டிலேயே எழுதியிருக்க வேண்டும். அமெரிக்க சீட்களில் இந்த வாசகம் சிவப்பு எழுத்தில் இருக்கும். அகலம் 40 செ.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலான விமான இருக்கைகளில் பொருந்தும். முதுகில்லாத பூஸ்டரை (குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை) விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அனுமதிப்பதில்லை. சீட்டைத் தூக்க முடியாது, குழந்தை ஒரு வயதைத் தாண்டிவிட்டது என்றால் விமான இருக்கையில் மாட்டும் கேர்ஸ் என்ற பட்டை ஒன்று உண்டு. 10 முதல் 20 கிலோ வரை, 100 செ.மீ. உயரம் வரை உள்ள குழந்தைகளுக்கு, எடை அரைக் கிலோ, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அங்கீகரித்தது. காரில் அதைப் பயன்படுத்த முடியாது, மற்ற நாட்டு விமான நிறுவனங்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. காரில் தூங்கிய குழந்தையை எழுப்ப மனம் வராமல் சீட்டோடு தூக்கி அறையில் வைத்துவிடுகிறோம், நானும் வைத்திருக்கிறேன். செய்யாதீர்கள். காருக்கு வெளியே சீட்டின் சாய்மானம் மாறி, தலை முன்னால் மடிந்து மூச்சு அடைபடலாம். போய்ச் சேர்ந்ததும் தட்டையான இடத்துக்கு மாற்றுங்கள்.

படி 5: தூங்கும் இடம்

முதலில் தங்கும் இடத்தில் தொட்டில் கட்டில் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள், உண்டு என்றால் புகைப்படம் கேளுங்கள். கொடுக்கிற கட்டிலில் பக்கக் கம்பிகள் பூட்டி நிற்கிறதா, மெத்தை எல்லாப் பக்கமும் ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்களே கொண்டு போவதென்றால் மடக்குக் கட்டில்களில் லேசானவை ஆறு கிலோ அளவில் கிடைக்கும், வழக்கமானவை பத்தைத் தாண்டும். வலைப் பக்கம், கெட்டியான தட்டை மெத்தை, இரண்டும் கட்டாயம். மெத்தை மெல்லிசாக இருக்கிறதே என்று மேலே இன்னொன்று போடத் தோன்றும். அந்த இரண்டாவது மெத்தைக்கும் வலைக்கும் நடுவில் வரும் இடுக்கில்தான் முகம் மாட்டும். அதோடு வந்த மெத்தை மட்டுமே போதும், தலையணை வேண்டாம், குழந்தை மல்லாந்து தூங்கட்டும்.

விமானத்தில் முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டிலுக்கு எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், முன்பதிவின்போதே கேட்க வேண்டும். குலுங்கும்போது குழந்தையை எடுக்கச் சொல்வார்கள் என்பதால் முழு இரவுத் தூக்கம் என்று கனவு காண வேண்டாம். குழந்தை தூங்குவதற்காகச் சீரான சத்தம் எழுப்பும் இரைச்சல் கருவி வைத்திருப்பவர்கள் சத்தத்தைக் குறைத்து, கட்டிலில் இருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

படி 6: பால், சாப்பாடு

பால்பவுடர் குடிக்கும் குழந்தைக்கு நல்ல ஃப்ளாஸ்க்தான் முதல் முதலீடு. பவுடர் கிருமியற்றது இல்லை, அதனால் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத நீரில் கலக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடி, நீங்கள் பயணம் செய்யும் நேரம் கழித்து ஒரு சமையலறை வெப்பமானியால் அளந்து பாருங்கள். என் ஃப்ளாஸ்க் 'பன்னிரண்டு மணி நேரம் சூடு' என்று எழுதியிருந்தது, ஆறு மணி நேரத்தில் 64 காட்டியது. பவுடரை ஒவ்வொரு வேளைக்கும் அளந்து தனித்தனி டப்பாவில் வையுங்கள், கலந்ததை ஆறவைத்துக் கொடுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் தீராததைக் கொட்டிவிடுங்கள்.

பிழிந்தெடுத்த தாய்ப்பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும், உறைந்த ஐஸ் பொதிகளோடு மூடிய குளிர்ப்பையில் 24 மணி நேரம். பாதுகாப்புச் சோதனையில் திரவங்களுக்கான 100 மில்லி வரம்பு குழந்தையின் பாலுக்குப் பல இடங்களில் பொருந்தாது, ஆனால் தனியாக எடுத்துக் காட்ட வேண்டும், அதனால் பையின் மேலேயே இருக்கட்டும். தாய்ப்பால் பிழியும் மின்சாரப் பம்ப் கொண்டு போகிறவர்களுக்கு பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், அதுவும் 100 வாட்-மணிக்குள். 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட்-மணி, பிரச்சினை இல்லை.

உட்கார்ந்து சாப்பிடும் குழந்தைக்கு மேஜை விளிம்பில் மாட்டும் நாற்காலி அருமையான பொருள், சுமார் 15 கிலோ வரை தாங்கும். கண்ணாடி மேஜையிலும் ஒற்றைக்கால் மேஜையிலும் விரிப்பின் மேலும் மாட்டவே கூடாது. எங்கே போனாலும் மேஜை எப்படியிருக்குமோ என்று தெரியாதவர்களுக்கு, நாற்காலி முதுகில் கட்டும் துணிப் பட்டை போதும். கால்சட்டைப் பையில் அடங்கும்.

படி 7: டயபர் பையும் பொம்மையும்

பயண மணி நேரத்தை இரண்டால் வகுத்து, நான்கு கூட்டுங்கள். அவ்வளவு டயபர். குழந்தைக்கு இரண்டு மாற்றுடை, உங்களுக்கு ஒரு சட்டை, இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். ஒரு டயபர், கொஞ்சம் ஈரத்துடைப்பான், ஒரு ஜிப் பை, மூன்றையும் ஒரே சுருட்டாகச் சுருட்டி இப்படி நான்கைந்து செய்துவைத்தால், விமானக் கழிவறைக்குப் பையைத் தூக்கிப் போக வேண்டாம், ஒரு சுருட்டு போதும்.

பொம்மை, இரவு விளக்கு, ரிமோட் என்று எதை எடுத்தாலும் பின்னால் திருப்பி பேட்டரி மூடியைப் பாருங்கள். ஸ்க்ரூ இல்லாமல் நகத்தால் திறந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பட்டன் பேட்டரியை விழுங்கினால் உணவுக் குழாய் இரண்டே மணி நேரத்தில் வெந்துபோகும்.

படி 8: ஒத்திகை

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, குழந்தையோடு, யார் உதவியும் இல்லாமல், வீட்டு மாடிப்படியில் ஒரு முறை ஏறி இறங்குங்கள். என் வீட்டில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாவது படியில் கார் சீட்டின் மூலை முட்டியில் இடித்தபோது, அதைப் பெட்டி மேல் கட்ட ஒரு பட்டை வேண்டும் என்று தெரிந்தது.

சரக்கு அறைக்குக் கொடுக்கும் ஸ்ட்ரோலரையும் கார் சீட்டையும் கொடுப்பதற்கு முன் நான்கு பக்கமும் போனில் படம் எடுங்கள். கழன்று வரும் கைப்பிடி, கூரை, கொக்கிகளைக் கழற்றிக் கைப்பையில் போடுங்கள், மீதியை உறையில் போட்டுப் பெயரெழுதுங்கள். திரும்பக் கைக்கு வந்ததும் அங்கேயே உறையைப் பிரித்து, சக்கரம் சுற்றுகிறதா, சீட்டின் அடியில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். புகார் கொடுக்க வேண்டிய மேஜை சாமான் வாங்கும் கூடத்துக்குள்தான் இருக்கும், குழந்தை அழுதாலும் அதை முடித்துவிட்டு வெளியே வாருங்கள்.